தட்டில் விழுந்த மஞ்சள்

அரிசி தீட்டும் சின்ன இயந்திரம் நிற்கிறது. டெல்லியின் மார்கழி வெயில் ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியே தட்டில் விழுகிறது. சத்துக் குறைவால் பொழுது சாய்ந்ததும் கண் தெரியாமல் தடுமாறும் பிள்ளைகளுக்காக, சோற்றிலேயே வைட்டமின் ஏ கிடைக்கட்டும் என்று, பூங்கோதை நெல்லின் மரபணுவை மாற்றத் தொடங்கி ஒன்பது வருடம். இதுவரை தவிடு நீங்கி வந்ததெல்லாம் வெள்ளை அரிசி. இன்று வந்திருப்பது மஞ்சள், வைட்டமின் ஏ தரும் சத்தின் நிறம். "வெயில் படறதும்மா, அதான் அப்படித் தெரியறது" என்கிறார் கூட வேலை பார்க்கும் சேஷன். பூங்கோதை எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடுகிறாள். அறை மங்குகிறது, அரிசி மங்கவில்லை. பூசணிப்பூ நிறத்தில் அப்படியே கிடக்கிறது. ஒரு மணியைக் கடித்துப் பார்க்கிறாள். உள்ளேயும் அதே நிறம். சேஷன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிகிறார். "திரையைத் திறந்துடட்டுமா சார்?" "வேண்டாம்மா. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கறேன்."