கணக்குச் சொட்டு

இப்போது எவனுக்கும் பொறுமையில்லை. பிள்ளைக்கு ஒரு பாடம் பிடிக்காவிட்டால் மூக்கில் மருந்தைச் சொட்டிப் பிடிக்க வைத்துவிடுகிறார்கள். பேத்தி வேம்புக்குக் கணக்குச் சொட்டு விட வேண்டும் என்று டீச்சர் பள்ளிக்கு வரச்சொல்லியிருந்தாள். சங்கரபாண்டி சம்மதக் கைரேகை வைக்கவில்லை.

“இது பொழுதன்னைக்கும் படம் வரையுற புள்ள, டீச்சரம்மா. அந்த ஆசை போயிறாதா?”

“போகாது தாத்தா. எனக்கும் ஏழாப்புல விட்டாங்க. இப்பக் கணக்குன்னா எனக்கு உயிரு!”

“அதுக்கு முன்னாடி எது உயிரு?”

டீச்சர் சிரித்தபடியே வாயைத் திறந்தாள். யோசித்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது.

“நானும் டீச்சர் மாதிரி ஆகணும் தாத்தா!” என்று வேம்பு அழுதாள்.

சங்கரபாண்டி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

“ஒண்ணும் ஆகாது, நம்புங்க” என்று பின்னாலிருந்து டீச்சர் கத்தினாள்.

“அதான் பாத்தேனே” என்றார், திரும்பாமலே.