விருந்தாளி நாற்காலி

இரண்டு வெள்ளித்தாள், நடுவே ஓட்டை போட்ட ஸ்பாஞ்சு, டார்ச் பல்பு, ஒரு பேட்டரி. முடிண்டா அதன் மேல் உட்கார்ந்ததும் பல்பு எரிந்தது. வகுப்பே கைதட்டியது.

“எங்க வீட்டு விருந்தாளி நாற்காலியிலயும் இதே சர்க்யூட்தான்” என்றார் கசோண்டே டீச்சர்.

“பேட்டரி எத்தனை நாள் தாங்குது டீச்சர்?” என்றாள் முடிண்டா.

“தலைநகர் லுசாக்காவிலேருந்து இந்த ஊருக்கு மாத்தலாகி வந்தப்போ போட்டது. மூணு வருஷமா அதேதான்.”

“சும்மா சொல்லாதீங்க! எங்கப்பா ரேடியோவுல ஒரு வாரம் தாங்க மாட்டேங்குது.”

அந்த அதிசய பேட்டரியைப் பார்க்கச் சனிக்கிழமையே டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருப்பவர்கள் உட்காரக் கூடாத அந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்தார் டீச்சர். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“புதுசு மாதிரி எரியுது டீச்சர்!”

“புதுசுதான்மா. இதுல முதல்ல உக்கார்ந்ததே நீதான்.”