ஏரிக்கரைக்கு வந்த பஸ்

ஹாரன் சத்தத்தில் நாய்கள் குரைத்தன.

அரிசி களைந்த கையோடு அவள் வெளியே ஓடிவந்தாள்.

ஏரிக்கரைக்கு இதுவரை ஆட்டோகூட வந்ததில்லை. இன்று ஏசி பஸ் நிற்கிறது.

பக்கத்தில் எழும்பும் அடுக்குமாடிக் கம்பெனியின் சூப்பர்வைசர் அனுப்பியது. மாசி மகமாம். இருளர் சனம் மொத்தமும் கடற்கரை மணலில் குடில் போட்டுக் கன்னியம்மாவைக் கும்பிடும் நாளாம். நம் சாமி நாள் அவருக்கு எப்படித் தெரியும்?

தங்கிவிட்டே வரலாம், சாப்பாடும் தருவோம் என்றாராம்.

போன மாதம் ஏரிக்கு இறங்கும் வழியில் சுவர் வைத்த அதே ஆள். அதற்கு முன்பு பனந்தோப்பு வழியை அடைத்ததும் அவர்தான்.

அவள் கணவன் நாகப்பன் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தான். குடியிருக்கிறோமா என்று பார்க்கத் தாலுகா ஆபீசிலிருந்து எந்த நேரமும் வருவார்களே, பார்த்தால்தானே பட்டா என்றாள் அவள்.

முன்பு அவர்கள் வந்தபோது குடிசைக்காரர்கள் எல்லோரும் செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தார்கள். 'யாரும் குடியிருக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வரியால் இன்றுவரை ஓட்டு இல்லை, ரேஷன் இல்லை.

நாகப்பன் சிரித்தான். ஏசி என்றதும் அண்ணிக்கு வயிறு கலங்கிவிட்டது என்று நாத்தனார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

நாய்களையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னான் கிளீனர்.

நாய்களையுமா?

அவள் பஸ்ஸின் திறந்த கதவையே பார்த்தாள்.

எலி பிடிக்கப் போனால் அவளும் இப்படித்தான். வளையின் எல்லா வாயையும் மண் வைத்து அடைப்பாள். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, அதன்மேல் வலையை விரிப்பாள்.

வயிற்றுவலி என்றாள். பிறகு டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றாள்.

நாகப்பன் முறைத்தான். வருசத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிற சாமி என்றான்.

கன்னியம்மா கோபித்தால் கோபிக்கட்டும்.

பஸ் போனது. குரைக்க ஒரு நாய் இல்லை.

அவள் தன் அடுப்பை மூட்டினாள். போதவில்லை.

எந்தக் குடிசைக்கும் பூட்டு கிடையாது. ஒவ்வொன்றாக நுழைந்தாள். ஈர விறகாகப் பார்த்து வைத்து எல்லா அடுப்பையும் ஊதினாள். கண் எரிந்தது.

கூரைகளின் மேல் புகை எழுந்தது. புதுச் சுவரைத் தாண்டியும் போனது.

உச்சிவெயிலில் ஜீப் வந்தது.

ஃபைலோடு இறங்கிய தாலுகா ஆபீஸ்காரர், புகைகிற கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பின்கதவு திறந்தது. வழிகாட்ட வந்த சூப்பர்வைசர்.

அவர் கூரைகளைப் பார்க்கவில்லை. ஊதுகுழலோடு நின்ற அவளைப் பார்த்தார்.

"நீ பஸ்ல ஏறலையா?"