பந்தியில் மூன்றாவது இலை

விளக்கு அணையும்வரை நான் தலை நிமிரவில்லை.

புருஷன் செத்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தச் சிவகாமசுந்தரி மதியக் காட்சிக்கு வந்து உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலாவது பட்டுவிட்டால், சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு முழுக்க ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சு. பூக்கடையிலிருந்து மாவு மில்வரை ஒரு வாய் ஓயாது.

டிக்கெட் வாங்கியது எதிர்வீட்டு ரபியா. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பஸ்ஸில் என்னை அழைத்து வந்ததும் அவள்தான். வாசலில் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கி என் மடியில் வைத்தாள். கடலையைக் கொறிக்கிற மனநிலையிலா நான் இருந்தேன்?

நான் படம் பார்க்க வரவில்லை. அவரைப் பார்க்க வந்திருந்தேன்.

எண்பத்து மூன்று டிசம்பரில் அவரும் நானும் மெட்ராஸ் போனோம். ஏஜெண்டு ஒருவர் ஆள் சேர்த்து அழைத்துப்போன கோடம்பாக்கம் சுற்றுலா. காலையில் ஸ்டூடியோ, மதியம் பெரிய ஓட்டலில் சாப்பாடு, சாயங்காலம் கடற்கரை, அப்புறம் ஒரு சினிமா. சாங்கியில் விமானத்துக்குச் சரக்கு ஏற்றுவதே தொழிலாக இருந்த மனுஷர், இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் என்னை ஏற்றியது அந்த ஒரு தடவைதான்.

ஸ்டூடியோவில் கல்யாணக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் உட்கார ஆள் போதவில்லை. பட்டுச்சேலையும் கைக்கடிகாரமுமாக நாங்கள் வேடிக்கை பார்த்து நிற்பதைக் கண்ட உதவி டைரக்டர், எங்கள் கூட்டத்தையே இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். கேமராவைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும்.

அவர் மூன்றாவது இலை. நான் நாலாவது.

கதாநாயகி ஐந்தடி தூரத்தில் நின்றாள். மூக்குத்திக் கல்கூடத் தெரிந்தது. பந்தியில் உட்கார்ந்தபிறகு நடந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

மார்ச் கடைசியில், வேலைக்குக் கிளம்பும்போது, அவர் கட்டிலில் சரிந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் இது இரண்டாவது மாரடைப்பு என்றார். சில மாதங்களுக்கு முன்பே லேசாக ஒன்று வந்து போயிருக்கிறதாம். நெஞ்சு வலிக்கிறது என்று உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டார்.

சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்த எல்லாரிடமும் இதைச் சொல்லித்தான் அழுதேன். நாத்தனாரிடம் சொன்னேன். அவரோடு வேலை பார்த்த பாலகிருஷ்ணனிடம் சொன்னேன். அழுகையைவிட எனக்குக் கோபம்தான் அதிகம். சொல்லியிருந்தால் அப்போதே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேனே. சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட என் முன்னால் வந்து நிற்கிற மனுஷருக்கு, இதை மட்டும் மறைக்க எப்படி மனசு வந்தது?

அந்தப் படம் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது என்று ரபியா சொன்னபோது எனக்கு ஒரே எண்ணம்தான். அவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும். பதில் வராது. கேட்டுவிட்டாலே போதும், தூக்கம் வந்துவிடும்.

ஒரு மணி நேரமாகியும் பந்தி வரவில்லை. வெட்டி எறிந்துவிட்டார்களோ என்று ரபியாவிடம் இரண்டு தடவை கேட்டேன். பாட்டு வந்தது, சண்டை வந்தது, எதுவும் மனசில் நிற்கவில்லை.

பிறகு பந்தல் வந்தது. இலைகள் வரிசையாக வந்தன.

ரபியா என் தொடையில் தட்டினாள். "அக்கா, அந்தா பாருங்க, அண்ணன் லா."

வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். கண் சிமிட்டினார். தோளைத் தூக்கிச் சட்டையைச் சரிசெய்தார். உயிரோடு இருந்தார். நாலு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த கேள்வியெல்லாம் மறந்து, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

கேமரா மெல்ல அவர் பக்கம் நகர்ந்தது.

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். இடது கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டார். முகம் சுருங்கியது. என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

நாதஸ்வரமும் தவிலும் தியேட்டரையே நிறைத்தன.

இன்னொரு தடவை சொன்னார். முழங்கையால் என் கையைத் தொட்டார்.

திரையில் இருந்த நான் திரும்பவில்லை. கதாநாயகியையே பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஈயை விரட்டுவதுபோல் அவர் கையைத் தட்டிவிட்டேன். அப்படிச் செய்தது எனக்கு ஞாபகமே இல்லை.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உதவி டைரக்டர் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இலையைப் பார்த்துக் குனிந்து சிரித்தார்.

காட்சி மாறிவிட்டது. யாரோ தாலி கட்டவிடாமல் தடுத்தார்கள், கதாநாயகி அழுதாள், முன்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

ரபியா இருட்டில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "பாத்தீங்களா அக்கா, நீங்க எவ்ளோ அழகா சிரிக்கிறீங்க. ஸ்டார் மாதிரியே இருக்கீங்க லா."

உண்மைதான். நன்றாகத்தான் சிரித்திருந்தேன்.