கடைசி வரிசைப் பெண்

இளைஞர்களைச் சபைக்கு இழுக்கப் போதகர் பெரிய திரை வைத்தார், கிடார் வைத்தார், வாசலில் காபியும் வைத்தார். புதிதாக வந்தது ஒரே ஒரு பெண். மூன்று வாரமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து திரையையே கண்கொட்டாமல் பார்த்தாள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் மனைவியின் காதைக் கடித்தார். "பார்த்தியா? என் பிரசங்கம் வேலை செய்யுது!"

நேரே அந்தப் பெண்ணிடம் போனார். "எதும்மா உங்களை இழுத்தது? கிடாரா, பிரசங்கமா?"

"ரெண்டும் இல்லீங்க ஐயா. ஆராதனை நடுவுல திரை அணைஞ்சுபோகுதுன்னு உங்க செயலாளர் வரச் சொன்னார். நான் மெக்கானிக்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். போதகர் முகத்தில் அசடு வழிந்தது.

"சரி, கோளாறு தீர்ந்துச்சா?"

"அது போன வாரமே தீர்ந்துச்சு."

"பின்னே இன்னைக்கு?"

"போன வாரம் திரை அணைஞ்சதும் உங்களுக்குப் பேச்சு மறந்துபோச்சு. 'எனக்கே சில நாள் ஜெபம் பண்ண மனசு வர்றதில்லை'ன்னு சொன்னீங்க. எனக்கும் அப்படித்தான், ஐயா. அதுக்குள்ள நான் ஒயரைச் சரிபண்ணித் தொலைச்சிட்டேன், நீங்களும் பிரசங்கத்துக்குத் திரும்பிட்டீங்க. மீதியைக் கேட்கலாம்னுதான் வந்தேன்."

"மீதி எனக்கே தெரியாதும்மா" என்றபடி போதகர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.