முன் அச்சில் ஒரு கீறல்

"இன்னொரு தபா பாரு பாய். ஒடையாதுன்னு உன் வாயால ஒரு வார்த்த சொல்லு, போய்டறேன்."

காலி மீன்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஷெட் வாசலில் நின்றாள் கெங்கம்மா. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மெக்கானிக் மெஹபூப் அலிக்கு அவள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

"மூணு தபா சுத்தியால தட்டிட்டேம்மா. இன்னமும் தட்டினா நானே ஒடைச்சிடுவேன் போலக் கீது!"

அவள் சிரிக்கவில்லை. அவள் சிரித்து அவர் பார்த்ததும் இல்லை.

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து, தியாகராய நகர் என்று பேர் வைத்து, வீடு வீடாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வீடுகளுக்கு ஊரூர் குப்பத்துக் கரையிலிருந்து மணல் அடிக்கிற லாரி இது. பாதை என்று ஒன்று இருந்தால்தானே? குடிசைகளுக்கு நடுவே, மணலில் புதைந்து, பள்ளத்தில் விழுந்து எழுந்து வரவேண்டும். போன வருஷம் முன் அச்சு முறிந்துபோய், வேறொரு பழைய அச்சைத் தேடிப் பிடித்து மாட்டியிருந்தார்கள். லாரி முதலாளி அவரிடம் சொன்னது அவ்வளவுதான்.

சனிக்கிழமை தவறாமல் லாரி அவருடைய லஸ் ஷெட்டுக்கு வரும். சாந்தோமில் மீன் விற்ற கையோடு கெங்கம்மாவும் வந்துவிடுவாள்.

முதல் நாளே அவர் கேட்டார். "லாரி ஓட்டறவன் பேரு இன்னாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உதடு துடித்ததே தவிர, பேர் வரவில்லை. கழுத்திலே மஞ்சள் கயிறு. அட, நமக்குப் புத்தி எங்கே போச்சு என்று மெஹபூப் அலி நாக்கைக் கடித்துக்கொண்டார். பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறைந்துவிடுமாமே! அவர் வீட்டு ஜஹீதாவும் இருபது வருஷமாக அவரை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை.

டிரைவர் ரங்கனோ, அவள் தலை தெரிந்தால் போதும், பீடியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நழுவிவிடுவான். என்ன சண்டையோ, பாவி. இவள் என்னடாவென்றால் லாரி போகிற வழியில் உள்ள பள்ளத்தையெல்லாம் கிளிஞ்சல் அள்ளிக் கொட்டித் தன் கையாலேயே மூடுகிறாள். லோடு ஏற்றுகிறவர்களிடம் கெஞ்சி, பாதி லோடு போதும் என்று நிறுத்துகிறாள். இப்படி ஒருத்தி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"வெள்ள தடவிப் பாக்கலியே பாய் நீ இன்னிக்கி" என்றாள் கெங்கம்மா.

"வுட மாட்டியே!" என்று அலுத்துக்கொண்டே, அச்சை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார். காயத் துடைத்துவிட்டு, சீமைச் சுண்ணாம்புப் பொடியை நெடுகப் பூசினார். அச்சில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு போட்டுக் காட்டிவிடும். சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தார்.

வலது சக்கரத்துக்குப் பக்கத்தில், தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு மெல்ல இறங்கியது.

மெஹபூப் அலி கிட்டப் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "யா அல்லா! இன்னும் ரெண்டு நட தாங்கியிருக்காதே இது!"

கெங்கம்மா கூடையைப் போட்டுவிட்டு மண்ணில் மண்டி போட்டுக் குனிந்து பார்த்தாள். அந்தக் கோட்டை விரலால் தொடப் போனவள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி இது குப்பத்துக்கு வராதில்ல?"

"புது அச்சு மாட்டாம ஷெட்ட வுட்டே நகராது. மொதலாளி வந்து குதிச்சாலும் சரி. நான் கீறேன், நீ தைரியமா போ தங்கச்சி."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அடக்கி அடக்கிப் பார்த்தும் முடியாமல் தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அப்புறம் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தெருமுனையில் எதிரே வந்த ரங்கன் சுவரோடு ஒண்டி வழிவிட்டான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

மெஹபூப் அலிக்கு வந்ததே கோபம்!

"டேய், கல்நெஞ்சுக்காரா! இங்க வந்து பாருடா இத. அவ மட்டும் வுடாப்பிடியா நிக்காட்டி நாளைக்கு நீ பொணம். கட்டின பொஞ்சாதி உன் உசுருக்காக வாராவாரம் என் வாசல்ல தவங்கெடக்கறா. நீ ஒரு நாளாவது அவ மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த பேசினியாடா?"

ரங்கன் வெள்ளையில் ஓடிய கோட்டைப் பார்த்தான். அப்படியே சக்கரத்தோரம் உட்கார்ந்துவிட்டான்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பேசுவேன் பாய்? அது என் பொஞ்சாதி இல்ல. போன வருசம் அச்சு முறிஞ்சப்போ, வாசல்ல வெளையாடிக்கினு இருந்த அதோட அஞ்சு வயசுப் பொண்ணு மேலதான் இந்த லாரி ஏறிச்சு. ஓட்டிக்கினு வந்தவன் நான்."