புல்லுடுப்பு

குருவிகளின் கண்ணில் படாமல் படுத்துக் கிடந்து படம் பிடிப்பவன் தனபால். இலை அச்சடித்த கடைச் சட்டை அவனுக்குப் பிடிக்கவில்லை. "அது வேற நாட்டு இலை, பூரணம். நம்ம குருவி ஏமாறாது. நீயே தைச்சுக் குடு." மனைவி பழைய சாக்கில் மலைப்புல்லைக் கொத்துக்கொத்தாக வைத்துத் தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு கொல்லையில் படுத்தவனை அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. "போதும், எழுந்திருங்க" என்று அவள் குரல் உடைந்த பிறகுதான் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

மலைக்குப் போனவன் திரும்பவில்லை. தேடப் போனவர்கள் கைவிரித்துவிட்டார்கள். மழை பெய்து மலை முழுக்கப் புல் மண்டியிருந்தது. பூரணம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "போதும், எழுந்திருங்க" என்று ஒவ்வொரு புல்கொத்திடமும் மெல்லச் சொல்லியபடி, பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்.